இன்வர்னெஸிலிருந்து ஒரே நாள்தான் என்றால் கிளென் அஃப்ரிக் போங்கள்

செப்டம்பர் கடைசியில் குடும்பத்தோடு ஸ்காட்லாந்து வருவதாகவும், இன்வர்னெஸில் தங்கப்போவதாகவும், வாடகைக் கார் எடுப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். பத்து வயது மகளும் முட்டி வலியுள்ள மாமியாரும் கூட வருகிறார்கள். ஹைலேண்ட்ஸ் மலைப்பகுதியின் பள்ளத்தாக்கு ஒன்றுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கலாம். காடு, மிருகங்கள், வரலாறு மூன்றும் இருக்க வேண்டும். எல்லோரும் சொல்கிற கிளென்கோவுக்குப் போகலாமா என்பது உங்கள் கேள்வி.

கிளென்கோ பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் இன்வர்னெஸிலிருந்து போக சுமார் 130 கிலோமீட்டர், வர இன்னொரு 130. மலைகள் அங்கே மிரட்டும் அழகு. 1692 பிப்ரவரியில், வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருந்த படையினரே மெக்டொனால்டு குலத்தாரை விடியற்காலையில் கொன்ற இடம் என்பதால் வரலாற்றுக்கும் குறைவில்லை. குறைவாக இருப்பது காடு. அதோடு பள்ளத்தாக்கின் நடுவிலேயே பெரிய நெடுஞ்சாலை ஓடுகிறது. அதற்குப் பக்கத்து ஊரான ஃபோர்ட் வில்லியமில் ஒரு இரவு தங்குகிற பயணத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறை கிளென் அஃப்ரிக் போங்கள். நீங்கள் கேட்ட மூன்றும் அங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் இன்னொன்றைப் புரிந்துகொள்ள முடியாது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் வழி. இன்வர்னெஸிலிருந்து லாக் நெஸ் ஏரியின் கரையோரமாக ட்ரம்நட்ராகிட் வரை வந்து, வலப்பக்கம் திரும்பி கேனிச் என்ற சிற்றூருக்கு வர வேண்டும். மொத்தம் 42 கிலோமீட்டர் அளவு. கேனிச்சிலிருந்து பள்ளத்தாக்குக்குள் போகும் சாலை ஒற்றைத் தடம், ஆற்றையும் ஏரியையும் ஒட்டியே போகும். ஒரு கார் பார்க்கிங்கில் போய்ச் சாலை முடிந்துவிடும். அதற்கு மேல் நடைதான். கேனிச்சைத் தாண்டினால் பெட்ரோல் கிடையாது, ஃபோன் சிக்னலையும் நம்ப முடியாது. அதனால் பெட்ரோலை முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள், வரைபடத்தை ஃபோனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குக்குள் வழக்கமான பேருந்து கிடையாது, அந்த வகையில் கார் எடுப்பது நல்லது. ஒற்றைத் தடச் சாலையில் அங்கங்கே ஒதுங்குமிடம் விட்டிருப்பார்கள். எதிரே வண்டி வந்தாலும், பின்னால் வருகிறவர் அவசரத்தில் இருந்தாலும் அதில் ஒதுங்கி வழிவிட வேண்டும். அந்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் படம் எடுக்கப் போகாதீர்கள். உள்ளூர்க்காரர்களுக்குக் கோபம் வருவது இந்த ஒரு விஷயத்தில்தான்.

சரி, அங்கே அப்படி என்ன இருக்கிறது? முதலில் பைன் மரங்கள். பனியுகம் முடிந்தபின் வடக்கு ஸ்காட்லாந்தில் தானாகவே பரவிய கலிடோனியன் பைன் காட்டில் இன்று மிஞ்சியிருப்பது 84 இடங்களில் துண்டு துண்டாக, எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 18,000 ஹெக்டேர்தான். அந்தத் துண்டுகளில் பெரியவற்றுள் ஒன்று அஃப்ரிக். பைன் காடு என்றதும் ஊட்டி, கொடைக்கானலில் வரிசையாக நட்ட ஊசிமரத் தோப்பை நினைத்துக்கொள்ளாதீர்கள். இங்கே ஒரு மரம் போல இன்னொரு மரம் இருக்காது. கீழ்ப்பகுதியில் பட்டை சாம்பல் நிறத்தில் பாளம் பாளமாக வெடித்திருக்கும், மேலே போகப்போக செம்பு நிறமாகும். வெயில் சாய்ந்து விழும்போது மேல் கிளைகளெல்லாம் ஆரஞ்சாக எரியும். முந்நூறு வயதைத் தாண்டிய மரங்களும் உண்டு. கிளைகளிலிருந்து லைக்கன் சாம்பல்பச்சைத் தாடியாகத் தொங்கும். காற்று சுத்தமாக இருந்தால்தான் அது அப்படி வளரும். கீழே தரை தெரியாது. பாசி, ஹெதர் புதர், பில்பெரி செடி எல்லாம் முழங்கால் உயரத்துக்கு மெத்தையாகக் கிடக்கும். நீங்கள் வரும் நேரத்தில் பிர்ச் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருக்கும். பைனின் கரும்பச்சைக்கு நடுவே அந்த மஞ்சளைப் பார்க்கவே செப்டம்பர் கடைசியில் வரலாம்.

உங்கள் மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். பாதையோரத்தில் பைன் ஊசிகள் குவியலாக, சில இடங்களில் அவள் இடுப்பு உயரத்துக்குக் கூட இருக்கும். தூரத்திலிருந்து யாரோ பெருக்கிக் குவித்து வைத்த மாதிரி தெரியும். கிட்டே போய்க் குனிந்தால் குவியல் முழுக்க அசையும். அது காட்டெறும்புகளின் புற்று. வெயில் படுகிற பக்கத்தில் எறும்புகள் அப்பிக்கிடக்கும். ஒரே ஊசியை மூன்று நான்கு எறும்புகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். குச்சியால் கிளற மட்டும் விடாதீர்கள். கிளறினால் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும், அதைவிட முக்கியம், ஒரு புற்று இந்த அளவுக்கு வளரப் பல வருடங்கள் ஆகும்.

இனி வரலாறு. அஃப்ரிக்கைப் பற்றி எழுதுகிற பயணக் கட்டுரைகள் எல்லாம் இதை மனிதக் கை படாத காடு என்று சொல்லும். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. நீங்கள் பார்க்கப்போகும் காடு இன்று உயிரோடு இருப்பதே சிலர் விடாப்பிடியாக வேலை செய்ததால்தான். அதே போல, மேற்கே காடு முடிந்து வெறும் புல்மலையாகக் கிடக்கும் பகுதியும் இயற்கையாகவே அப்படி இருந்ததல்ல.

கதை மான்களிடமிருந்து தொடங்குகிறது. மரம் வெட்டு பல நூற்றாண்டுகளாக நடந்தது, பிறகு ஆட்டுப் பண்ணைகள் வந்தன. ஓநாய்கள் 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஸ்காட்லாந்திலிருந்தே ஒழிந்துவிட்டன. விக்டோரியா காலத்துப் பணக்காரர்கள் வேட்டைக்காக மலைகளை வாங்கி, சிவப்பு மான்கள் பெருக வேண்டும் என்றே பார்த்துக்கொண்டார்கள். ஆடு மேய்கிற தோட்டத்தில் வேலி போடாமல் முருங்கைக் கன்று வைத்தால் என்ன ஆகும்? அதுதான் இங்கே நடந்தது. கிழட்டு மரங்கள் விதை போட்டுக்கொண்டேதான் இருந்தன, முளைத்த கன்றுகள் குளிர்காலத்தில் மான் வாய்க்குப் போய்க்கொண்டே இருந்தன. தாத்தா, பாட்டிகள் மட்டும் இருந்து பிள்ளைகளே இல்லாத காடாகிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் அழகுதான், ஆனால் அடுத்த தலைமுறை இல்லை.

1951-இல் அரசின் வனத்துறை இந்தப் பள்ளத்தாக்கின் பெரும்பகுதியை வாங்கியது. அந்தக் காலத்தில் வனத்துறைக்கு வேகமாக வளரும் வெளிநாட்டு ஊசிமரங்களை நட்டு மரம் எடுப்பதுதான் வேலை. அதே துறைக்குள் இருந்துகொண்டு, பழைய பைன் காட்டுக்கு வேலி போட்டு மானைத் தடுத்தால் அது தானே முளைக்கும் என்று வாதாடிச் செய்து காட்டியவர் ஃபின்லே மெக்ரே என்ற வன அதிகாரி. 1960-களில் அவர் முன்னின்று வேலி போட்ட இடங்களில் இன்று அடர்ந்து நிற்கும் நடுவயது பைன்களைப் பார்க்கலாம். அப்புறம் 1980-களின் கடைசியில் ட்ரீஸ் ஃபார் லைஃப் என்ற தொண்டு அமைப்பு வந்தது. தன்னார்வலர்கள் வாரக்கணக்கில் முகாம் போட்டுக் கன்று நட்டார்கள், பழைய வெளிநாட்டு மரங்களை அகற்றினார்கள். வேலிக்கும் ஒரு குறை தெரிய வந்தது. கருப்புக் காட்டுக்கோழியும் கேப்பர்கெய்லி என்ற பெரிய காட்டுக்கோழியும் தாழப் பறக்கும்போது கம்பி வேலியில் மோதிச் சாகின்றன. அதனால் பல இடங்களில் வேலியில் மரச்சட்டம் அடித்து அது பறவைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்கிறார்கள், அல்லது வேலியையே எடுத்துவிட்டு மான்களைச் சுட்டு எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள். மானைச் சுடுவது கேட்க வருத்தமாக இருக்கும். ஆனால் ஓநாய் இல்லாத நாட்டில் அந்த வேலையை யாராவது செய்துதான் ஆக வேண்டும். லாக் அஃப்ரிக் ஏரிக்கரையில் நடக்கும்போது ஹெதர் புதருக்குள் கையகலப் பைன் கன்றுகள் தலைகாட்டுவதைக் கவனியுங்கள். இந்தப் பள்ளத்தாக்கில் நான் மிகவும் மதிக்கிற காட்சி அதுதான்.

காட்டுக்கு நேர்ந்தது மனிதர்களுக்கும் நேர்ந்தது. இந்தப் பக்கமெல்லாம் சிஷோம் குலத்தாரின் மண். 1746 ஏப்ரல் 16-இல், இன்வர்னெஸுக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் உள்ள கல்லோடனில், பிரிட்டிஷ் அரியணையைத் தன் குடும்பத்துக்கு மீட்க வந்த இளவரசர் சார்ல்ஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட்டின் படை ஒரு மணி நேரத்துக்குள் நொறுங்கியது. அன்று சிஷோம் ஆட்களை நடத்திப்போன தலைவரின் கடைசி மகன் ரோடரிக் களத்திலேயே இறந்தார். அவருடைய அண்ணன்மார் இருவர் எதிரே அரசுப் படையில் இருந்தார்கள். தோற்ற இளவரசர் தலைக்கு 30,000 பவுண்டு விலை. ஐந்து மாதம் மலைகளிலும் தீவுகளிலும் ஓடித் திரிந்த அவரை, பக்கத்துப் பள்ளத்தாக்கான கிளென்மோரிஸ்டனைச் சேர்ந்த ஏழெட்டுப் பேர் ஆகஸ்ட் வாக்கில் குகையில் வைத்துக் காப்பாற்றினார்கள். இந்தப் பக்கத்துக் காடுகளிலும் அவரை ஒளித்து வைத்தார்கள். அந்த ஏழெட்டுப் பேரும் வீடு எரிக்கப்பட்டு, மாடு பறிபோய், ஒன்றுமில்லாமல் நின்றவர்கள். ஒருவர்கூட அந்தப் பணத்துக்கு ஆசைப்படவில்லை. செப்டம்பரில் இளவரசர் பிரெஞ்சுக் கப்பல் ஏறித் தப்பினார்.

துப்பாக்கிக்கு நடுவே தலைவனுக்காக நின்ற அந்த மக்களை, அடுத்த ஐம்பது அறுபது வருடத்துக்குள் அவர்களுடைய தலைவர்களே வெளியேற்றினார்கள் என்பதுதான் என்னால் இன்றும் ஜீரணிக்க முடியாத விஷயம். தெற்கிலிருந்து வந்த ஆட்டுப் பண்ணைக்காரர்கள் நல்ல குத்தகை கொடுத்தார்கள். 1801 முதல், கேனிச் இருக்கும் ஸ்ட்ராத்கிளாஸ் பகுதியிலும் சுற்றுப் பள்ளத்தாக்குகளிலும் சிஷோம் குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் குடிபெயர்க்கப்பட்டு, கப்பலேறி கனடாவின் நோவா ஸ்கோஷியா போனார்கள். இன்றும் அங்கே ஆன்டிகோனிஷ் பக்கம் சிஷோம் என்ற பெயர் ஏராளம். ஏரிக்கு மேற்கே நடந்தால் ஆள் இல்லாத புல்வெளியில், பச்சை சற்று அடர்த்தியாக இருக்கும் இடங்களில், தாழ்ந்த கல் அடித்தளங்கள் தெரியும். அவை வீடுகள். எவ்வளவு அமைதி என்று சுற்றுலாப் பயணிகள் வியக்கும் இடம், ஊர் காலியான இடம்.

ஆடு போய், வேட்டைக்காரர்கள் வந்த அத்தியாயத்துக்கு டோமிச் போக வேண்டும். கேனிச்சிலிருந்து சில கிலோமீட்டர். பின்னாளில் ட்வீட்மவுத் பிரபு ஆன டட்லி மார்ஜோரிபேங்க்ஸ் என்ற லண்டன் பணக்காரர் 1850-களில் இங்கே குயிஸாகன் என்ற எஸ்டேட்டை வாங்கினார். தன் மாளிகையைச் சுற்றி இருந்த குடிகளை நகர்த்தி டோமிச்சில் வரிசையாகக் கல்வீடுகள் கட்டிக்கொடுத்தார். ஊர் இன்றும் அழகாக இருக்கிறது. 1868-இல் அவருடைய மஞ்சள் நிற ரெட்ரீவர் நாய் நூஸுக்கும் பெல் என்ற ட்வீட் வாட்டர் ஸ்பானியலுக்கும் பிறந்த மஞ்சள் குட்டிகள்தான் இன்று உலகம் முழுக்க இருக்கும் கோல்டன் ரெட்ரீவர் இனத்தின் தொடக்கம். உங்கள் மகளுக்கு நாய் பிடிக்கும் என்றால், டோமிச்சில் உள்ள கோல்டன் ரெட்ரீவர் சிலையைக் காட்டாமல் வந்துவிடாதீர்கள். 2018-இல், 150-ஆம் ஆண்டுக்கு, பல நாடுகளிலிருந்து 300-க்கும் மேற்பட்ட கோல்டன் ரெட்ரீவர்கள் சிதைந்த குயிஸாகன் மாளிகையின் முன் கூடின. மாளிகையின் கூரை 1930-களின் கடைசியில் கழற்றப்பட்டது, இப்போது வெறும் சுவர்கள். உள்ளே போகக் கூடாது, வெளியே நின்று பார்க்கலாம்.

டோமிச்சைத் தாண்டி மேடு பள்ளமான மண் பாதையில் போனால் ப்ளொடா அருவி. 46 மீட்டர் உயரம். அருவியின் உச்சியிலேயே, நீர் விழுகிற இடத்துக்கு மேலாக நீட்டிக் கட்டிய மேடையில் நின்று நேராகக் கீழே பார்க்கலாம். சுற்றிலும் ட்வீட்மவுத் காலத்தில் நட்ட டக்ளஸ் ஃபர் மரங்கள், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். மாமியாருக்கு இந்தப் பாதை கொஞ்சம் சரிவு. கைத்தடி இருந்தால் மெதுவாகப் போகலாம், மழை பெய்திருந்தால் வேண்டாம்.

பள்ளத்தாக்குச் சாலையில் நீங்கள் முதலில் பார்க்கும் பெரிய ஏரியான லாக் பெனவியன் ஒரு அணைக்கட்டு நீர்த்தேக்கம். பக்கத்துப் பள்ளத்தாக்கின் தண்ணீரைச் சுரங்கம் வழியாக இதற்குள் கொண்டுவந்து, கீழே ஃபாஸ்னகைல் மின்நிலையத்துக்கு இறக்குகிறார்கள். 1952-இல் திறந்த அந்த நிலையத்தை மணற்கல்லில் கட்டி, சுவரில் கெல்டிக் மிருகச் சிற்பங்கள் செதுக்கியிருக்கிறார்கள். மேலே இருக்கும் லாக் அஃப்ரிக்கின் நீர்மட்டத்தை மட்டும் தொடாமல் விட்டார்கள். அழகு கெடக் கூடாது என்று அதற்கு முன் எழுந்த எதிர்ப்புக்கு அந்த அளவு பலன் கிடைத்தது. இரண்டு ஏரிகளின் கரையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தண்ணீர் குறைந்த நாட்களில் பெனவியனில் வெளிறிய கல்பட்டை ஒன்று சுற்றிலும் தெரியும், அஃப்ரிக்கில் மரங்கள் தண்ணீர் வரை இறங்கி வந்திருக்கும்.

மிருகங்கள் விஷயத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சஃபாரி மாதிரி எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். இந்தக் காட்டில் காதுதான் முதலில் வேலை செய்ய வேண்டும். செப்டம்பர் கடைசியில் சிவப்பு மான்களின் இணைசேரும் காலம் தொடங்கும். ஆண் மான்கள் கர்ஜிக்கும், மானா இப்படிக் கத்துகிறது என்று மகள் நம்ப மாட்டாள். விடிந்தவுடனும் மாலையிலும், சாலை முடியும் இடத்துக்கு மேலே உள்ள சரிவுகளிலிருந்து கேட்கும். தலைக்கு மேல் கிளையிலிருந்து பைன் காயின் செதில்கள் உதிர்ந்துகொண்டே இருந்தால் அசையாமல் நில்லுங்கள். சிவப்பு அணிலாக இருக்கலாம், அல்லது கிராஸ்பில். மேலலகும் கீழலகும் கத்தரி போலக் குறுக்கே போகும் பறவை அது. அதில் ஸ்காட்டிஷ் கிராஸ்பில் என்ற வகை உலகில் வேறெங்கும் இல்லை, இந்தப் பைன் காடுகளில் மட்டும்தான். கொண்டை வைத்த சின்னப் பறவை கூட்டமாக வந்தால் கிரெஸ்டட் டிட். பிரிட்டனில் அதுவும் வடக்கு ஸ்காட்லாந்தின் பைன் காடுகளில்தான் இருக்கிறது. பொன்னாங்கழுகு மலைமுகட்டுக்கு மேல் வட்டமிடுவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு, பைனாகுலர் கட்டாயம். மீன் பிடித்துத் தின்னும் விராலடிப்பான் (ஆஸ்ப்ரே) அதற்குள் ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பியிருக்கும். பைன் மார்ட்டன் என்ற, மரமேறும் சின்ன வேட்டை மிருகம் பெரும்பாலும் இரவில் நடமாடும். கேப்பர்கெய்லியை எதிர்பார்க்கவே வேண்டாம், ஸ்காட்லாந்து முழுக்க எஞ்சியிருப்பதே சில நூறுதான். எங்கேயாவது அதன் சத்தம் கேட்டாலும் தேடிப் போகக் கூடாது.

ஒரு நாளை எப்படிப் பிரிப்பது? விடியலே அப்போது ஏழு மணிக்கு மேல்தான். எட்டுக்குள் இன்வர்னெஸை விட்டுக் கிளம்பி, வழியில் எங்கும் நிற்காமல் சாலை முடியும் ஆற்றங்கரைப் பார்க்கிங்குக்கு முதலில் போய்விடுங்கள். காலையில் கூட்டம் இருக்காது, ஏரியும் பெரும்பாலும் அலையில்லாமல் இருக்கும். மாமியார் ஆற்றோர மேசையில் ஃப்ளாஸ்க் காபியோடு உட்காரலாம், மற்றவர்கள் அங்கேயே உள்ள குட்டிப் பாதையில் ஏறி லாக் அஃப்ரிக்கைப் பார்த்து வரலாம். ஏரியை முழுதாகச் சுற்ற 18 கிலோமீட்டர், ஆறேழு மணி நேரம். அது இந்த முறை வேண்டாம். வேண்டுமானால் ஏரியின் தென்கரைப் பாதையில் ஒரு மணி நேரம் போய், வந்த வழியே திரும்புங்கள். எறும்புப் புற்றும் பைன் கன்றும் பார்க்க அந்தத் தூரம் போதும். திரும்பி வரும் வழியில் டாக் ஃபால்ஸ். ஆறு பாறை இடுக்கில் நெருங்கி இறங்கும் இடம். அங்கேயே மதியச் சாப்பாடு. கடை எதுவும் இல்லை, கையில் கொண்டு போக வேண்டும். அதற்கப்புறம் டோமிச்சும் ப்ளொடாவும். சிகரம் ஏறும் யோசனை இருந்தால் அதற்கென்று தனியாக ஒரு நாள் வாருங்கள். வடக்கே இருக்கும் கார்ன் ஏய்க் 1,183 மீட்டர், குழந்தையோடு போகிற இடமல்ல.

மிட்ஜ் என்ற கடிக்கும் பொடிப்பூச்சிதான் கோடையில் இங்கே பெரிய தொல்லை, செப்டம்பர் கடைசியில் அது அநேகமாக அடங்கிவிடும். உண்ணி அடங்காது. ஹெதரிலும் உயரப் புல்லிலும் இருக்கும், சிலவற்றில் லைம் நோய்க் கிருமி உண்டு. பேன்ட்டை சாக்ஸுக்குள் சொருகிக்கொள்ளுங்கள், இரவு அறைக்குத் திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்னால் எல்லாம் பாருங்கள், முக்கியமாக மகளுக்கு. கடித்திருந்தால் நுனி மெல்லிய சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும், எண்ணெய் விடுவது, நசுக்குவது கூடாது. மழைக்கோட்டும் நனையாத ஷூவும் வெயில் அடித்தாலும் வண்டியில் இருக்கட்டும். மான் வேட்டைக் காலம் என்பதால் பாதைத் தொடக்கத்தில் அறிவிப்பு இருந்தால் படித்துவிட்டுப் போங்கள். ஸ்காட்லாந்தில் 2003 சட்டப்படி பெரும்பாலான நிலங்களில் பொறுப்போடு நடக்க உரிமை உண்டு, அதனால் யாரும் விரட்ட மாட்டார்கள்.

இன்வர்னெஸ் திரும்பும்போது வெளிச்சம் இருந்தால், கேனிச்சுக்கும் ட்ரம்நட்ராகிட்டுக்கும் நடுவே கோரிமோனி என்று பலகை வரும், அங்கே திரும்புங்கள். சுமார் 4,000 வருடப் பழைய கல்லறைக் குன்று ஒன்று, சுற்றிலும் 11 நிமிர்ந்த கற்களோடு, வயலோரமாக இருக்கிறது. டிக்கெட், காவலர் எதுவும் கிடையாது. தாழ்வான கல் வழியில் தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும், உள்ளறையில் எழுந்து நிற்கலாம், மேலே கூரை திறந்திருக்கும். 1952-இல் தோண்டியபோது எலும்பு கிடைக்கவில்லை, குறுகிப் படுத்திருந்த ஒரு உடலின் கறை மட்டும் மண்ணில் இருந்தது. மகளும் நீங்களும் தவழ்ந்து போய் வாருங்கள். மாமியாருக்கு வண்டியிலிருந்து கல் வட்டம் வரை சமதரைதான், அரை மணி நேரம் போதும்.